மாதத் தவணையில் இருக்கும்போது டிஸ்னிலேண்ட் வருடாந்திர அட்டையை உயர்த்துவது: ஓராண்டு அனுபவம்

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு ஆண்டு முழுவதும் போய்வர உதவும் வருடாந்திர அட்டையை மாதத் தவணையில் வாங்கியவர்கள், இடையில் அதை அடுத்த தட்டுக்கு, அதாவது விலையும் சலுகைகளும் கூடுதலான வகைக்கு, உயர்த்தலாமா என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் மாதத்துக்கு இன்னும் எவ்வளவு கூடும் என்ற ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்க முடியாது என்பது, நாங்கள் குடும்பமாக ஓராண்டு முழுவதும் இந்த அட்டைகளைப் பயன்படுத்தி, நடுவில் சிலவற்றை உயர்த்தியும் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகப்பட்டது. தெற்குக் கலிஃபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளோடு வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த அட்டையை வைத்திருப்பவர்கள் பலர் இருப்பதால், எங்கள் கணக்கை விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வருடாந்திரப் பாஸ்போர்ட் திட்டம் 2021 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக அதே ஆண்டு ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற பெயரில் இப்போதைய திட்டம் வந்தது. நாங்கள் வாங்கியபோது, விலை ஏறும் வரிசையில், இமாஜின், என்சான்ட், பிலீவ், இன்ஸ்பயர் என்று நான்கு தட்டுகள் இருந்தன. இவற்றில் இமாஜின் தெற்குக் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் உரியது. மாதத் தவணை வசதியும் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. முன்பணம் ஒன்றைக் கட்டிவிட்டு மீதியை வட்டியில்லாமல் 12 மாதங்களில் செலுத்தலாம். வட்டி இல்லை என்பதால் இதைக் கடன் என்றே பலர் நினைப்பதில்லை. ஆனால் கையெழுத்திடுவது ஒரு தவணை ஒப்பந்தத்தில்தான். பாதியில் மனம் மாறினால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாது, மீதித் தவணைகளைக் கட்டாமல் விலகவும் முடியாது. அட்டையை உயர்த்தும் பேச்சு வரும்போது முதலில் நினைவில் வைக்கவேண்டியது இதைத்தான், ஏனென்றால் மேல்தட்டுக்குப் போன பிறகு அந்த ஆண்டில் கீழே இறங்க வழியில்லை.

திட்டம் தொடங்கிய ஆண்டின் விலைகளை எடுத்துக்கொண்டால் தவணை எண்கள் எப்படி நம் கண்ணை மறைக்கின்றன என்பது தெளிவாகும். அப்போது என்சான்ட் 649 டாலர், பிலீவ் 949 டாலர், முன்பணம் 179 டாலர். மீதியைப் 12 மாதங்களுக்குப் பிரித்தால் என்சான்டுக்கு மாதம் சுமார் 39 டாலரும் பிலீவுக்குச் சுமார் 64 டாலரும் வரும். வெறும் 25 டாலர்தானே என்று தோன்றும் அந்த வேறுபாடு ஒருவருக்கு ஆண்டுக்கு 300 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,200 டாலர். மேஜிக் கீயில் குழந்தைகளுக்கென்று தனிக் குறைந்த விலை இல்லை. 3 வயது முடிந்த குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விலைதான். அதனால் குடும்பத்துக்கான பெருக்கல் எப்போதும் முழு எண்ணில்தான் நடக்கும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் விலை ஏறிய விதத்தையும் கவனிக்க வேண்டும். 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டு விலைகளிலும் என்சான்டுக்கும் பிலீவுக்கும் இடையிலான வேறுபாடு 400 டாலராகவே நின்றது. 2024 அக்டோபரில் என்சான்ட் 974, பிலீவ் 1,374. இமாஜினிலிருந்து என்சான்டுக்கு ஏறும் முதல் படியோ 2022-இல் 250 டாலராக இருந்து, 2024-இல் 375 டாலராகிவிட்டது. அதே காலத்தில் பிலீவிலிருந்து இன்ஸ்பயருக்கு ஏறும் கடைசிப் படி 500-இலிருந்து 375-ஆகக் குறைந்தது. கீழே இருப்பவருக்கு ஏறுவது கடினமாகவும் மேலே இருப்பவருக்கு இன்னும் ஒரு படி ஏறுவது எளிதாகவும் மாறியது. விலைப்பட்டியலைத் தனித்தனி ஆண்டாகப் பார்த்தால் இது தெரியாது.

நாங்கள் 2024 அக்டோபர் விலையேற்றத்துக்குப் பிறகு நான்கு பேருக்கும் என்சான்ட் எடுத்தோம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறவர்கள். வெள்ளி மாலையும் ஞாயிறும் போதும் என்பதே எங்கள் எண்ணமாக இருந்தது. சில மாதங்களில் நிலைமை மாறியது. மூத்த மகளுக்கு ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளியோடு இசை வகுப்பும் சேர்ந்துகொண்டதால், குடும்பத்துக்குச் சனிக்கிழமைதான் மிஞ்சியது. என்சான்ட் அட்டைக்கோ பெரும்பாலான சனிக்கிழமைகள் பிளாக்அவுட் தேதிகளாக, அதாவது அந்த அட்டையோடு உள்ளே போக முடியாத நாட்களாக, மூடப்பட்டிருந்தன. டிஸ்னிலேண்டின் 70-ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் 2025 மே 16 அன்று தொடங்கவிருந்ததும், பெயின்ட் தி நைட் அணிவகுப்பு திரும்பி வரவிருந்ததும் எங்களைத் தூண்டின என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மின்விளக்கு அணிவகுப்பை இரவில் பூங்காவின் முதன்மை வீதியான மெயின் ஸ்ட்ரீட்டில் பிள்ளைகளோடு நின்று பார்க்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசையாகவும் இருந்தது.

இந்த இடத்தில்தான் தவணைக் கணக்கு தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. அட்டையை இடையில் உயர்த்தினாலும் அது முடியும் தேதி மாறாது. புதிதாக 12 மாதங்கள் தொடங்குவதில்லை. ஆகவே வேறுபாடான 400 டாலரை முதல் நாளே 12 மாதங்களுக்குப் பிரித்திருந்தால் மாதம் 33 டாலர்தான் கூடியிருக்கும். 9 மாதங்கள் எஞ்சியிருக்கும்போது பிரித்தால் அது 44 டாலராகும், 6 மாதங்களென்றால் 67, 3 மாதங்களென்றால் 133. தொகை அதேதான், ஆனால் அதைச் சுமக்கும் மாதங்களும் அதனால் கிடைக்கும் நாட்களும் சேர்ந்து குறைந்துகொண்டே போகின்றன. எனவே கவுன்டரில் நான் முதலில் கேட்டது, வேறுபாடு முழுவதும் கேட்கப்படுமா, எஞ்சிய நாட்களுக்கான பங்கு மட்டும் கேட்கப்படுமா என்பதே. அன்றே கட்டவேண்டியது எவ்வளவு, எஞ்சிய தவணைகளில் சேர்வது எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. பழைய ஒப்பந்தம் அப்படியே தொடருமா, புதிய தாளில் கையெழுத்திட வேண்டுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காமல் உயர்த்தச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விற்பனை விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. சென்ற ஆண்டு உயர்த்திய நண்பருக்குச் சொல்லப்பட்ட கணக்கு இந்த ஆண்டு உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொண்டு போவது சரியாக இராது.

விற்பனையில் இருக்கிறதா என்பதும் கேட்கவேண்டியதே. 2021-இல் அன்றைய மிக உயர்ந்த தட்டான ட்ரீம் அட்டை அக்டோபரிலும், அதற்கு அடுத்த பிலீவ் நவம்பரிலும் விற்றுத் தீர்ந்தன. மேல்தட்டு விற்பனையிலேயே இல்லாத காலத்தில் அதற்கு உயர்த்துவது பற்றி யோசித்துப் பயனில்லை.

நால்வர் அட்டையையும் சேர்த்து உயர்த்துவதே இயல்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தேவையில்லை. எதற்காக உயர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து எத்தனை அட்டை என்பது தீர்மானமாகும். என் மனைவி மருத்துவமனையில் சனிக்கிழமைகளில் பணிக்குச் செல்கிறார். அவருக்குச் சனிக்கிழமை திறந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதனால் நானும் பிள்ளைகள் இருவரும் மட்டும் பிலீவுக்கு மாறினோம், அவர் என்சான்டிலேயே இருந்தார். நால்வருக்கும் சேர்த்து 1,600 டாலராகியிருக்கக்கூடிய வேறுபாடு 1,200 டாலரானது. மூவரும் உயர்ந்து ஒருவர் மட்டும் பழைய அட்டையில் இருப்பது குடும்பத்தில் சற்று உறுத்தலாகவே இருந்தது என்பது உண்மை. முடிவை நாங்கள் அல்ல, அவரே எடுத்தார். விடுமுறை கிடைத்த வாரநாட்களில் நால்வருமாகச் சென்றோம்.

பார்க்கிங் கட்டணத்துக்காக உயர்த்த நினைப்பவர்களுக்கு நிலைமை வேறு. அந்தச் சலுகைக்கு வண்டியில் வரும் ஒருவரின் அட்டையே போதும். மற்ற மூவரின் அட்டை எந்தத் தட்டு என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அப்போது சாதாரண வாகனத்துக்கு ஒரு நாள் கட்டணம் 35 டாலர். என்சான்டுக்கு 25 விழுக்காடும் பிலீவுக்கு 50 விழுக்காடும் தள்ளுபடி இருந்தது. இன்ஸ்பயருக்குக் கட்டணமே இல்லை. என்சான்டிலிருந்து பிலீவுக்கு மாறினால் ஒருமுறைக்கு மிச்சமாவது 8.75 டாலர்தான். 400 டாலரைப் பார்க்கிங்கிலேயே ஈட்ட வேண்டுமென்றால் 45 தடவைக்கு மேல் போக வேண்டும். இன்ஸ்பயருக்கு மாறினால் ஒருமுறைக்கு 26.25 டாலர் மிச்சம், வேறுபாடு 775 டாலர். ஆக, சுமார் 30 தடவைகளில் அது ஈடாகிவிடும். வாரந்தோறும் போகிற குடும்பத்தில் வண்டி ஓட்டுபவர் ஒருவர் மட்டும் இன்ஸ்பயர் வைத்துக்கொள்வது, எல்லோரும் பிலீவுக்கு மாறுவதைவிடச் சிக்கனமானது. எங்கள் அளவுக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தவில்லை.

உணவுக்கும் பொருள்களுக்குமான தள்ளுபடியை உயர்த்துவதற்கான காரணமாகக் கொள்ளவே வேண்டாம். அப்போது இன்ஸ்பயரில் மட்டும் உணவுக்கு 15, பொருள்களுக்கு 20 விழுக்காடு. மற்ற தட்டுகளில் 10 விழுக்காடுதான்.

நாங்கள் மதித்த அளவுக்கு மற்றவர்கள் மதிக்காத பயன் முன்பதிவுகளின் எண்ணிக்கை. மேஜிக் கீ வைத்திருந்தாலும் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஒரே நேரத்தில் இமாஜினில் 2 முன்பதிவுகளையும் என்சான்டில் 4-ஐயும் பிலீவிலும் இன்ஸ்பயரிலும் 6-ஐயும் வைத்திருக்க முடிந்தது. குழந்தைகளின் தேர்வு, பிறந்தநாள் விழாக்கள், ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்று நாட்கள் சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு கூடுதல் இடங்கள் உண்மையான நிம்மதி. ஆனால் அதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது 90 நாட்களில் மூன்று முறை நடந்தால், 30 நாட்களுக்குப் புதிய முன்பதிவு செய்ய முடியாது. தவணை மட்டும் அந்த 30 நாட்களுக்கும் சேர்த்தே போகும்.

நாள்காட்டியில் ஒரு நாள் திறந்திருப்பதும் அந்த நாளுக்கு முன்பதிவு கிடைப்பதும் ஒன்றல்ல. ட்ரீம் அட்டைக்கு மூடிய நாட்களே இல்லை என்று சொல்லப்பட்டும் முன்பதிவு கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் எழுந்த வழக்கு, 2023-இல் 95 லட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. 2022-இல் அதன் இடத்தில் வந்த இன்ஸ்பயரில் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களே மூடப்பட்டன. ஆகவே உயர்த்துவதற்கு முன்பு, விரும்பும் சனிக்கிழமைகளை மேல்தட்டின் நாள்காட்டியில் வைத்து, மூடப்படாதவை எத்தனை, அவற்றில் முன்பதிவுக்கு இடம் உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படி எண்ணிய பிறகுதான், வேறுபாட்டுத் தொகையை எஞ்சிய ஆண்டின் எல்லா நாட்களுக்கும் அல்லாமல், புதிதாகத் திறக்கும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வகுத்தோம். கிடைத்த விடை, ஒரு நாள் டிக்கெட்டின் விலையைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. அதுவே எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. கோடை கழிந்த பிறகு இதே கணக்கைப் போட்டிருந்தால் விடை வேறாகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாற்றிய அன்று கவுன்டரிலேயே ஒவ்வொரு அட்டையின் புதிய தவணைத் தொகை, அடுத்த தவணைத் தேதி, கடைசித் தவணைத் தேதி ஆகியவற்றைத் தாளில் பார்த்துக்கொண்டோம். எங்கள் பழைய முன்பதிவுகள் செயலியில் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே நகர்ந்தோம். அடுத்த மாதம் வங்கிக் கணக்கு அறிக்கையில் பழைய தொகையும் புதிய தொகையும் இரட்டிப்பாகப் போகவில்லை என்பதையும் பார்த்தேன். மூன்று அட்டைகள் ஒரு தொகையிலும் ஒன்று வேறு தொகையிலும் போவதால், எந்தத் தொகை யாருடையது என்று எழுதி வைத்திருப்பது உதவியது. கிரெடிட் கார்டு காலாவதியாகிப் புதிய எண் வந்தால் தவணைக் கணக்கிலும் உடனே மாற்ற வேண்டும். தவணை தவறினால் அதைக் கட்டி முடிக்கும்வரை வாயிலில் அட்டை செல்லாது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்த் திரும்பி வருவது மிகவும் வருத்தமான காரியம்.

கோடையில் அணிவகுப்பைப் பலமுறை பார்த்தோம். சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் போய், அங்குள்ள இன்னொரு பூங்காவான கலிஃபோர்னியா அட்வென்ச்சரில் தொடங்கி, இரவில் எதிரே உள்ள டிஸ்னிலேண்டுக்கு மாறுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். பகல் முழுவதும் சவாரிகளுக்காக வரிசையில் நிற்க வேண்டும் என்ற அவசரம் வருடாந்திர அட்டைக்காரருக்கு இல்லை. அதுதான் இந்த அட்டையின் மெய்யான பயன் என்று நான் நினைக்கிறேன்.

புதுப்பிக்கும் வேளையில் மகளின் இசை வகுப்பு வாரநாளுக்கு மாறிவிட்டதால் ஞாயிறு மீண்டும் எங்களுக்குக் கிடைத்தது. அதனால் நால்வருக்கும் மறுபடி கீழ்த்தட்டிலிருந்தே தொடங்குவது என்றும், சனிக்கிழமை தேவைப்படும் சூழல் வந்தால் முதல் மூன்று மாதங்களுக்குள்ளாகவே உயர்த்துவது, அதற்குப் பின் அந்த ஆண்டில் அதைப் பற்றி யோசிப்பதில்லை என்றும் வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.