திருவல்லிக்கேணி மாடி வகுப்பு: தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுத்தவர்களுக்கு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறேன். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போய்வருகிறேன். நடத்துபவர் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே அம்மா என்று எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறொரு மையத்தில் பணம் கட்டிப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், திணை, துறை (யார் எந்தச் சூழலில் சொல்வது என்ற குறிப்பு), பொழிப்புரை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் அப்படியே இறக்கி வைத்தேன். கூடப் படித்தவர்களும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இரண்டாம் தாளில் மதிப்பெண் வரவில்லை. அந்த வருடம் போனது போனதுதான்.

தெரியாதவர்களுக்காக: இரண்டு தாள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டாம் தாள் முழுக்க நூல்கள். குறுந்தொகையில் முதல் 25 பாட்டு, புறநானூற்றில் 182 முதல் 200 வரை, கம்பனில் கும்பகருணன் வதைப் படலம், அப்புறம் பாரதியின் கண்ணன் பாட்டு, மு.வ., அண்ணா, அகிலன், ஜெயகாந்தன் என்று நீளும். கட்டாயக் கேள்விகளில் நாலைந்து வரியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். பத்து மதிப்பெண், 150 சொல். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு ஏழு நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஏழு நிமிடத்தில் என்ன செய்வது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது இந்த வகுப்புதான்.

அம்மா ஒரு தாள் தருவார். அதில் பாட்டு மட்டும் இருக்கும். பாடியவர் பெயர் கிடையாது, துறை கிடையாது. முதல் இருபது நிமிடம் யாரும் உரையைத் திறக்கக் கூடாது. யார் பேசுகிறார், யாரிடம், எது நடந்த பிறகு, இந்த மூன்றையும் பாட்டில் உள்ள சொல்லைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். “உரையில அப்படி இருக்கும்மா” என்றால், “உரை எழுதினவர் எங்கிருந்து எடுத்தார், அந்தச் சொல்லைக் காட்டு” என்பார்.

மூன்றாவது வாரம் வந்த பாட்டை நான் மறக்கவே மாட்டேன். குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பழைய குறிப்பில் நான் படித்தது இவ்வளவுதான்: களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், கூடியபோது சாட்சி யாரும் இல்லை, ஒரு குருகு (கொக்கு) மட்டும் இருந்தது, தலைவன் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் வருந்துகிறாள். தப்பில்லை. ஆனால் அன்று அம்மா, “பார்க்கும்னு ஒரு சொல் இருக்கு. குருகு எதைப் பார்க்குது?” என்று கேட்டார். புழல் ஏரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி சொன்னார்: “ஆரல் மீனைம்மா. அது சேத்துக்குள்ள பூந்துக்கும். வெளிய வர்ற வரைக்கும் கொக்கு கண்ணை எடுக்காம நிக்கும்.” அம்மா முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ அங்க இருந்த ஒரே சாட்சியும் இவங்களைப் பார்க்கல, தம்பி. அதை எழுது” என்றார்.

அதோடு விடவில்லை. குருகின் காலைத் தினைத்தாள் (தினைத் தண்டு) போல என்று சொல்வது யார்? தினைப்புனம் காத்துப் பழகிய மலைப் பெண். குருகு இவளைப் பார்க்கவில்லை, இவள் குருகின் கால் வரைக்கும் பார்த்து ஞாபகம் வைத்திருக்கிறாள். ‘தான்’ என்ற சொல் மூன்று முறை வருகிறது, மூன்றும் அவனைத்தான் சுட்டுகிறது. எந்த நாளைப் பற்றிப் பேசுகிறாள் என்பது ‘மணந்த ஞான்றே’ என்று கடைசியில்தான் தெரிகிறது. ஐந்து வரியை ஒன்றேகால் மணி நேரம் படித்தோம். பிறகு அம்மா கடிகாரத்தை மேசையில் வைத்து, ஏழு நிமிடத்தில் எழுதச் சொன்னார். பன்னிரண்டு பேரும் எழுதினோம். பன்னிரண்டும் வேறு வேறாக இருந்தன. எனக்கு அன்றைக்குத்தான் இந்தப் பாடத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

உரைநடைக்கும் இதே வழிதான். கதைச் சுருக்கம் எழுதினால் அடித்துவிடுவார். வாக்கியம் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் பேச்சு திரும்புகிறது, யாரை முன்னால் நிறுத்திப் பேசுகிறார் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். அண்ணாவின் பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னார். வாய்விட்டுப் படித்தபோதுதான் மோனையும் அடுக்கும் மேடைக்கு எதிரே இருந்த கூட்டத்துக்காக என்று புரிந்தது. மு.வ.வை அப்படிப் படிக்க முடியவில்லை, குரல் தானாகத் தணிந்துவிட்டது. அந்த வித்தியாசமே ஒரு பத்தி விடை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் தாள் இங்கே கிடையாது, மொழி வரலாறும் இலக்கிய வரலாறும் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். நாவலுக்கு இரண்டே வாரம் ஒதுக்கினார், எனக்கு அது போதவில்லை. திருத்திய நோட்டு கைக்கு வர மூன்று வாரம் ஆகும். ஓரத்தில் அவர் எழுதும் குறிப்பு அருமையாக இருக்கும், ஆனால் அதற்குள் அடுத்த நூலுக்குப் போயிருப்போம். ஒரு வாரம் வராவிட்டால் போனதுதான், பதிவு எதுவும் கிடையாது. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சேர்ந்தால் பிரயோசனம் இல்லை. வேகம் அப்படி.

கட்டணம் மாதம் 1,200 ரூபாய். அண்ணா நகர்ப் பக்கம் தங்கிப் படிப்பவர்கள் மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும், பதினொன்றரைக்கு முடியும். ரத்னா கஃபேயில் இட்லி சாம்பார் சாப்பிட்டுக்கொண்டே அன்றைய பாட்டைப் பேசித் தீர்ப்பது எங்கள் வழக்கம்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது அம்மா எங்களைப் பிள்ளையார் கோயில் தெருவுக்கு அழைத்துப் போனார். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. வாழ்ந்த தியாகராச விலாசம் என்ற வீடு அங்கேதான் இருந்தது. 2012இல் இடித்துவிட்டார்கள். குறுந்தொகையை உரையோடு அவர் 1937இல் பதிப்பித்தார், அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அம்மா அதிகம் பேசவில்லை. “ஏட்டுல சொல்லு எங்க பிரியுதுன்னே தெரியாது. அவர் பிரிச்சுக் குடுத்ததைத்தான் நீங்க தாள்ல படிக்கிறீங்க” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பாட்டில் சொல்லைப் பிரிக்கும்போது நான் அவசரப்படுவதில்லை.

மாதிரித் தேர்வில் பத்துக்கு மூன்று வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஐந்தரை, ஆறு வருகிறது. உண்மைத் தேர்வு இனிமேல்தான். ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்தால் வந்த பயம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் தொடங்குகிறது. இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று அம்மா சொன்னார். சேர நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவரிடம் கேட்டு முகவரி தருகிறேன். வரும்போது ஒரு பென்சிலும் 200 பக்கக் கோடு போட்ட நோட்டும் போதும், உரைநூல் வேண்டாம்.