60 பவுண்டுக்கு ஒரு நீல பாட்டில்: பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் இருப்பவர்களும், ஊருக்குத் திரும்பும்போது வித்தியாசமாக எதையாவது வாங்கிப் போக நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில், விக்டோரியா காலத்து மருந்து பாட்டில் என்று நம்பி 60 பவுண்டு கொடுத்து ஒன்றை வாங்கினேன். அதற்கு வயது மிஞ்சிப்போனால் என் மகன் வயதுதான் இருக்கும். அவனுக்கு ஐந்து.

இதில் கூடுதல் அவமானம், நான் வேலை பார்ப்பதே மருந்துக்கடையில்.

அடர்நீலக் கண்ணாடி, வாயில் கார்க், பழுப்பேறிய லேபிள். மடியில் குழந்தையோடு ஒரு தாயின் படம். 'திருமதி வின்ஸ்லோவின் சூதிங் சிரப், 1860' என்று வளைத்து எழுதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மார்ஃபின் கலந்தது' என்று போட்டிருந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. காரணம், அந்த மருந்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பேங்கர் என்ற ஊரில் 1849 முதல் விற்ற சிரப் அது. பல் முளைக்கும் குழந்தை அழாமல் தூங்க ஒரு ஸ்பூன் கொடுங்கள் என்பார்கள். பிரிட்டனிலும் அமோகமாக ஓடியது. ஒரு அவுன்ஸில், அதாவது ஏறக்குறைய 30 மில்லியில், சுமார் 65 மில்லிகிராம் மார்ஃபின். அபினில் இருந்து எடுக்கும் வலிமருந்து அது. இன்று எங்கள் கடையில் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் திரவங்கள் இருக்கின்றன. வழக்கமான மார்ஃபின் கரைசல் 5 மில்லியில் 10 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே வீரியம். அதைத்தான் கைக்குழந்தைக்குப் புகட்டியிருக்கிறார்கள். தூங்கிய குழந்தைகளில் பல எழுந்திருக்கவே இல்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் குழந்தைக்கொல்லி வரிசையில் சேர்த்தது.

இப்படி ஒரு பாட்டிலை வீட்டு ஷெல்ஃபில் வைத்தால் வருகிறவர்களுக்குக் கதை சொல்லலாமே என்று ஆசை. விற்றவர் 75 சொன்னார், 60-க்கு இறங்கினார். பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. மேலும் அவர், தங்க விளிம்பு போட்ட தடித்த அட்டையில் ஒரு சான்றிதழும் கொடுத்தார். எண் 0147, கீழே ஒரு கையெழுத்து. ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. சான்றிதழே இருக்கும்போது ரசீது எதற்கு என்று நினைத்த புத்திசாலி நான்.

எங்கள் கடைக்கு மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வருவார். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருப்பவர். பழைய குப்பைமேடுகளைத் தோண்டி பாட்டில் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. அந்தக் காலத்தில் நகரத்துச் சாம்பலையும் குப்பையையும் கொட்டி மூடிய பள்ளங்கள் இங்கே ஏராளம். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி அதைத் தோண்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெருமையாக அவரிடம் காட்டலாம் என்று பாட்டிலைக் கடைக்கே எடுத்துப் போனேன்.

கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "தம்பி, எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"அறுபது அண்ணா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கோவிக்காதேங்கோ. இது பழைய போத்தல் இல்லை."

என் விரலைப் பிடித்து, பாட்டிலின் பக்கவாட்டில் இருந்த மெல்லிய கோட்டில் நகத்தை வைக்கச் சொன்னார். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் அது. நகத்தை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனேன். கழுத்தைத் தாண்டி, வாயின் விளிம்பு மேலேயே ஏறிப் போனது கோடு. விக்டோரியா காலத்து மருந்து பாட்டிலில் உடம்பை அச்சில் ஊதினாலும், வாயைத் தனியாகக் கையால்தான் முடிப்பார்கள். அதனால் கோடு விளிம்புக்குக் கீழேயே மறைந்துவிடும். விளிம்புவரை கோடு போனால் அது முழு இயந்திர வேலை. அந்த இயந்திரமே 1900-க்குப் பிறகுதான் வந்தது.

அப்புறம் கல்லாப் பக்கத்தில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கைக் காட்டி, "இதுக்குக் கீழ பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். பழுப்பேறிய லேபிள், சொட்டு நீலம் கொஞ்சம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி பளிச்சென்று மின்னியது. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் சேர்ப்பது இரண்டாம் உலகப் போரை ஒட்டி வந்த பழக்கம். 1860-ஆம் ஆண்டுக் காகிதம் அப்படி மின்னாது. பழுப்பு நிறம் டீத்தண்ணீர் உபயம். ஓரத்தை முகர்ந்தால் லேசாக வாசமே வந்தது.

இந்த இரண்டையும்கூட விட்டுவிடலாம். மூன்றாவதுதான் என் முகத்தில் அறைந்தது. 'மார்ஃபின் கலந்தது' என்ற வரியைச் சுட்டிக்காட்டி அவர் கேட்டார்: "எந்தக் கள்ளன் தம்பி தன்ர நெத்தியில நான் கள்ளன் எண்டு எழுதி ஒட்டுவான்?"

எதைப் பார்த்து மயங்கி வாங்கினேனோ, அதுவே போலி என்பதற்குச் சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதுதான் அந்த வியாபாரத்தின் உயிர்நாடி. இப்படிப்பட்ட ரகசிய மருந்துகளுக்குப் பேடன்ட் மருந்து என்று பெயர், ஆனால் பெரும்பாலானவை காப்புரிமையே வாங்கவில்லை. வாங்கினால் செய்முறையை வெளியே சொல்லவேண்டுமே! அமெரிக்காவில் 1906-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் மார்ஃபின், அபின், கொக்கெய்ன் எல்லாம் லேபிளில் ஏறின. 1860-இல் எவனும் அதைத் தானாக முன்வந்து எழுதியிருக்கமாட்டான். இன்றைக்குப் போலி செய்கிறவன்தான், நாம் அதிர்ச்சியடைந்து வாங்குவோம் என்று தெரிந்து, கொட்டை எழுத்தில் போடுகிறான்.

ரகசியத்தில் எவ்வளவு லாபம் என்பதற்கு ஒரு கணக்கு. பீச்சம் மாத்திரை என்று ஒன்று. 'பெட்டி ஒரு கினி பெறும்' என்பது விளம்பரம். கினி என்றால் 21 ஷில்லிங். விற்பனை விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட ரகசிய மருந்துகளைச் சோதித்துப் புத்தகமாகவே போட்டது. அந்த மாத்திரைக்குள் இருந்தது கற்றாழைப் பாலை உலர்த்திய கரியபோளம், இஞ்சி, சோப்பு. பெட்டியில் 56 மாத்திரை, சரக்கின் அடக்கவிலை ஏறக்குறைய அரை ஃபார்திங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங். அதாவது அடக்கத்தைப் போல 108 மடங்கு விலை. என் 60 பவுண்டுக்காரர் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த ஒன்றரைப் பென்னி எங்கிருந்து வந்தது தெரியுமா? மருந்து முத்திரை வரி. 1783 முதல் இருந்தது, 1941-இல்தான் போனது. வரி கட்டியதற்கு அடையாளமாக மூடியின் மேல் அரசாங்க முத்திரைத்தாள் ஒட்டவேண்டும். வரி வாங்கியதற்கான சீட்டுதான் அது. ஜனங்களோ, சர்க்காரே பார்த்து ஒப்புதல் கொடுத்த மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். வியாபாரிகளும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. அரசாங்கம் உத்தரவாதம் தரவில்லை என்று பிற்பாடு முத்திரையிலேயே அச்சடிக்கவேண்டி வந்தது. அதைப் படித்தபோது 'சரியான ஏமாளிகள்' என்று சிரித்திருக்கிறேன். இப்போது என் கையில் தங்க விளிம்பு அட்டை.

அக்கா மதுரையில் அட்வகேட். நடந்ததை வாட்ஸ்அப்பில் சொன்னதும், "கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸ் மாதிரி போட்டுத் தாக்கலாமாடா?" என்று உற்சாகமாகிவிட்டாள். நம் ஊரில் சட்டம் படிக்கிற யாரும் அந்த வழக்கைத் தாண்டாமல் வரமுடியாது. மூக்கில் வைத்து இழுக்கும் ஒரு ரப்பர் பந்து. சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்காக வங்கியில் 1000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று 1891-இல் லண்டனில் விளம்பரம் செய்தார்கள். கார்லில் என்ற அம்மாள் அதை வாங்கி, தினம் மூன்று வேளை தவறாமல் இழுத்தார். ஜனவரியில் காய்ச்சல் வந்தது. 'விளம்பரம்தானே, சும்மா சொன்னோம்' என்றது கம்பெனி. 1000 பவுண்டைப் போட்டுவிட்டுச் சும்மா சொன்னேன் என்றால் எப்படி என்று கேட்டு, 1892 கடைசியில் அம்மாள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

"உன் ஆள் என்ன எழுதிக் கொடுத்திருக்கான்? வரி விடாம படி."

முதல் முறையாக வரி விடாமல் படித்தேன். 'அசல்' என்ற சொல் பெரிதாக இருந்தது. அடுத்த வரியில், சிறிய எழுத்தில், 'விக்டோரியா பாணி அலங்கார பாட்டில்'.

அக்கா சிரிக்கவில்லை. "பாணின்னு போட்டுட்டானா? சரி, விடு."

இருந்தாலும் மனசு கேட்காமல் அடுத்த ஞாயிறு போனேன். அவர் சண்டை போடவே இல்லை, ரொம்ப மரியாதையாகப் பேசினார். அட்டையில் எழுதியிருப்பதைத்தானே சார் கொடுத்தேன் என்றார். மேசையில் அதே நீலத்தில் இன்னும் மூன்று பாட்டில். ஒன்றின் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். எண் 0147. அடுத்ததும் 0147.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் லேபிளைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் நகத்தை ஓட்டுங்கள். சின்ன புற ஊதா டார்ச் ஒன்று சில பவுண்டுக்குக் கிடைக்கும், பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் 'பாணி' என்ற சொல் இல்லாமல், வருஷத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். நிஜமாகவே பழைய பாட்டிலாக இருந்து, உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் கார்க்கைத் திறக்காதீர்கள், முகராதீர்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள். பக்கத்து மருந்துக்கடையில் கேளுங்கள். அந்தக் காலத்து மருந்தில் அபினும் இருக்கும், பாதரசமும் இருக்கும்.

இந்த மாதம் மாத்திரை வாங்க வந்த அண்ணன், செய்தித்தாளில் சுற்றி ஒன்று கொண்டுவந்து தந்தார். ஒல்லியான, வெளிறிய கடல்பச்சைக் கண்ணாடி. லேபிள் இல்லை. கண்ணாடிக்குள் குமிழிகள், கழுத்துக்குள் எவ்வளவு கழுவியும் போகாத மண். உடம்பில் புடைத்த எழுத்தில் வின்ஸ்லோ அம்மாளின் பெயர் மட்டும். மார்ஃபின் என்ற பேச்சே இல்லை. என்ன விலை அண்ணா என்று கேட்டேன்.

"இதுக்கு ஆர் தம்பி காசு குடுப்பினம்? கிண்டின இடத்தில இன்னும் கனக்கக் கிடக்கு."