தர்மபுரித் தெருவுக்கு எந்த வேகக் கணக்கு?

பென்னாகரம் ரோட்டில் இருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. வீட்டுப் படி இறங்கினால் நேராக ரோடுதான், நடைபாதை கிடையாது. அம்மா போடும் கோலத்தின் மேல் காலை ஆறரைக்கெல்லாம் பைக் டயர் தடம் விழுந்துவிடும். போன வாரம் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே டேப் பிடித்து அளந்தேன், 30 மீட்டர். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். அந்தத் தூரத்தை 3.6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், 2.2 நொடி என்றால் ஏறக்குறைய 50. பால்காரர் நாலு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டார். டியூஷனுக்குப் போகும் பையன்கள் பலருக்கு இரண்டரை நொடிகூட ஆகவில்லை. யாரும் ரேஸ் விடவில்லை, அவர்களுக்கு அது சாதாரண வேகம்.

சரி, இந்தத் தெருவில் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? ஊருக்கு ஊர் இதற்கு வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு எது ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அமெரிக்காவில் நெடுங்காலமாக இருப்பது, ஓட்டுகிறவர்களிடமே கேட்கிற வழி. நெரிசல் இல்லாத நேரத்தில் வண்டிகளின் வேகத்தை அளந்து, மெதுவானதில் இருந்து வேகமானது வரை வரிசையாக வைத்து, நூறில் 85ஆவது வண்டி என்ன வேகத்தில் போனதோ அதையொட்டிப் போர்டு வைப்பார்கள். பெரும்பாலானவர்கள் அவர்களாகவே மதிக்கும் எண் என்பதால் போலீஸ் நின்று விரட்ட வேண்டியதில்லை, எல்லா வண்டியும் ஒரே மாதிரி வேகத்தில் போகும், இதுதான் அதற்குச் சொல்லும் நியாயம். கிருஷ்ணகிரியில் இருந்து சென்னைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை மாதிரி இடத்துக்கு இது சரியாகவே இருக்கும். தெருவுக்குக் கொண்டுவந்தால்தான் கோளாறு. ரோட்டை அகலப்படுத்தித் தார் போட்டால் எல்லோரும் வேகமாகப் போவார்கள், அடுத்த முறை அளந்தால் எண் ஏறும், எண் ஏறியதும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போவார்கள். கையில் பால் பாக்கெட்டோடு குறுக்கே நடக்கிற பாட்டி அந்த நூறு வண்டிக் கணக்கில் எங்கேயுமே வருவதில்லை. கலிபோர்னியாவில் இந்தக் கணக்கால் பல நகரங்கள் விரும்பினாலும் வேகத்தைக் குறைக்க முடியாமல் தவித்தன, 2021இல் தனியாகச் சட்டம் போட்டுத்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். எங்கள் தெருவில் என் ஸ்டாப்வாட்ச் கணக்கை வைத்துப் போர்டு எழுதினால் அந்தப் பையன்களின் வேகம்தான் சட்டமாகும். எனக்கு இது வேண்டவே வேண்டாம்.

நம் நாட்டு வழி வண்டியின் வகையைப் பார்ப்பது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில் நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது, அது தனிக் கதை. என் குறை வேறு. டெல்லியில் உட்கார்ந்து ஒரு அட்டவணை எழுதும்போது நேதாஜி பைபாஸ் மாதிரிப் பெரிய ரோடும் எங்கள் தெருவும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 112ஆவது பிரிவிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது: பொதுமக்களின் பாதுகாப்புக்காக மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவர்களோ குறிப்பிட்ட ரோட்டுக்கு, குறிப்பிட்ட பகுதிக்கு வேகத்தைக் குறைக்கலாம், அதற்கான போர்டு வைக்க வேண்டும்.

அந்த வாசல் வழியாகப் போனது சென்னை. 2023 நவம்பரில் அங்கே கார் 60, பைக் 50, ஆட்டோ 40 என்று வைத்து, குடியிருப்புப் பகுதிக்குள் எல்லா வண்டிக்கும் 30 என்றார்கள். கடைசி வரிதான் எனக்கு முக்கியம்.

ஏன் 30? ஒரு குழந்தை திடீரென்று குறுக்கே ஓடி வருகிறது என்று வையுங்கள். பார்த்து, புரிந்து, பிரேக் மேல் கால் போக ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் 30இல் வரும் வண்டி 8 மீட்டர் தாண்டும், 50இல் வருவது 14 மீட்டர் தாண்டும். காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் உள்ள கார் 30இல் வந்தால் மொத்தம் 13 மீட்டருக்குள் நின்றே விடும். அதே இடத்தில் 50இல் வந்தவர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார், முழு 50இல் அந்தக் குழந்தை மேல் போயிருப்பார்.

அடுத்தது, நாடு முழுக்க ஒரே உத்தரவு. 2023 செப்டம்பரில் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் அப்படிச் செய்தது, ஊருக்குள் மணிக்கு 30 மைல் இருந்ததை 20 மைல் ஆக்கியது, நம் கணக்கில் 32 கிலோமீட்டர். எதிர்த்து நாலு லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அப்புறம் எந்த ரோட்டைப் பழைய வேகத்துக்குத் திருப்பலாம் என்று உள்ளாட்சிகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். விரைவான வழிதான், ஆனால் விதிவிலக்கு எது என்று முதலிலேயே யோசிக்காவிட்டால் நல்ல திட்டமும் கெட்ட பெயர் வாங்கும்.

எனக்கு மனசில் நின்றது ஸ்பெயின். 2021 மே மாதம் முதல் அங்கே ரோட்டின் அமைப்பே வேகத்தைச் சொல்கிறது. நடைபாதையும் ரோடும் ஒரே மட்டத்தில் இருந்தால் 20, போக ஒரு லேன் வர ஒரு லேன் என்றால் 30, ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன் அதற்கு மேல் இருந்தால் 50. புது ஊருக்குப் போகிறவருக்கும் போர்டைத் தேடாமலே புரிந்துவிடும். நம் ஊரில் கோடு போட்ட லேனுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோடு வேண்டாமே. நடுவில் மீடியன் உள்ள ரோட்டுக்கு 50. எதிரெதிரே வருகிற இரண்டு கார் ஒதுங்காமல் கடக்க முடிந்தால் 30. ஒன்று ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தால், வீட்டுப் படி ரோட்டில் இறங்கினால், 20. குமாரசாமிப்பேட்டைச் சந்தில் இருப்பவருக்கும் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருப்பவருக்கும் இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

இதெல்லாம் எதற்கு, நாலு வேகத்தடை போட்டால் தீர்ந்தது என்பார்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி ஆட்கள். அவர் சொல்வதில் பாதி சரி, போர்டை மட்டும் பார்த்து யாரும் ஆக்ஸிலேட்டரை விடுவதில்லை. ஆனால் சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி சுமார் 25இல் ஏறி இறங்குகிற மாதிரி வளைவு. நாம் பார்ப்பது ராத்திரியோடு ராத்திரியாகக் குவித்த ஒரு முழக் கான்கிரீட் மேடு, பெயின்டும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. முதுகுவலிக்கு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போன அன்று அப்படி ஒன்றில் ஏறி இறங்கியதும் அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேகத்தடை வேண்டும், அளவோடு வேண்டும், போர்டுக்குத் துணையாக வேண்டும்.

ஆக, சட்ட வழிக்குச் சென்னை, எண்ணுக்கும் பிரிக்கும் முறைக்கும் ஸ்பெயின். போட்டதோடு விடாமல், புதுப் பள்ளிக்கூடம் வந்தாலும் ரோடு அகலமானாலும் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருவையும் அகலத்தோடு, வீட்டுப் படிகளின் போட்டோவோடு, நொடிக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன், உங்கள் தெருவையும் அளந்து கொண்டுவந்தால் சேர்த்தே கொடுக்கலாம்.