'பெல்ட் மாத்தியாச்சு' என்று சொன்னால் எந்த பெல்ட் என்று கேளுங்கள்: பழைய எக்கோபூஸ்ட் வாங்குபவர்களுக்கு

பழைய ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் 1.0 எக்கோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ பெட்ரோல் இன்ஜின்) வண்டி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 3,85,000 ரூபாய் கொடுத்து 2014 மாடல் வண்டி ஒன்றை வாங்கினேன். அக்டோபரில் பாடாலூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இன்ஜின் சீஸ் ஆகி நின்றது. இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு ரப்பர் பெல்ட்தான் காரணம். அந்த பெல்ட்டை மாற்றிவிட்டதாக என்னை நம்பவைத்துத்தான் வண்டியை விற்றிருந்தார்கள்.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. இந்த இன்ஜின் மேல் எனக்குப் பல வருட ஆசை. 999 சிசி, மூன்றே சிலிண்டர். பிளாக்கை ஒரு ஏ4 தாள் மேல் வைத்துவிடலாம் என்று ஃபோர்டு விளம்பரமே செய்தது. அவ்வளவு சின்ன இன்ஜின் 125 பிஎஸ் சக்தியும் 170 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கொடுக்கும். டார்க் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுவதால் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாலும் காலை அழுத்தினால் இழுக்கும். 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலக அளவில் ஆண்டின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. போதாததற்கு, வண்டி நம் மறைமலை நகரில் செய்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு பழைய வண்டிகளின் விலை இறங்கியதால் எனக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது.

இந்த இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குறைகளையும் தெரிந்துகொண்டுதான் போனேன். கூலன்ட் குழாய் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால், சூடேறி ஹெட் போய்விடும். அதனால் கூலன்ட் டேங்க், குழாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின் என்பதால் இன்டேக் வால்வில் கரி படியும் என்பதும் தெரியும். அது மெதுவாக வரும் பிரச்சினை, சுத்தம் செய்துகொள்ளலாம்.

பெரிய கேள்வி டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் சுற்றுக்கு ஏற்ப வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பெல்ட். டைமிங் பெல்ட் உள்ள பெரும்பாலான வண்டிகளில் அது வெளியே, காய்ந்த இடத்தில் ஓடும். இதில் அது இன்ஜினுக்குள்ளே, ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். சரியான ஆயிலும் சரியான நேரத்தில் மாற்றுவதும் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஆயிலை நீண்ட நாள் மாற்றாமல் விட்டாலோ, வேறு தரத்தில் ஊற்றினாலோ, பக்கத்துத் தெரு ஓட்டமாகவே ஓடிப் பெட்ரோல் ஆயிலில் கலந்துகொண்டே இருந்தாலோ, அந்த ரப்பர் ஊறி வெடித்துப் பிசிறு பிசிறாக உதிரத் தொடங்கும். உதிரும் துணுக்குகள் போய்ச் சேரும் இடம் ஆயில் சேம்பர், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அங்கே பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அது அடைபட்டால் ஆயில் மேலே ஏறாது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் இதன் டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுற்றக்கூடியது. ஆயில் படலம் இல்லாமல் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

ஐரோப்பாவில் ஃபோர்டு இந்த பெல்ட்டுக்குச் சொன்ன கணக்கு 10 வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வண்டி 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஆனால் வயது 10. அதனால் வியாபாரியிடம் நேராகவே கேட்டேன்.

"பெல்ட் மாத்தியாச்சுண்ணே. பழைய ஓனர் பக்கா. பில்லே இருக்கு" என்றார். அன்றிரவே வாட்ஸ்அப்பில் பில்லின் படம் வந்தது. 2023 தேதி, வண்டி நம்பர் சரி, 'பெல்ட் மாற்றம், ஆயில் சர்வீஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படத்தின் கீழ்ப்பகுதி, தொகை இருக்கும் இடம், இல்லை. செல்போனில் எடுத்தபோது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தொகையை அன்றே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் மாற்றுவது முன்பக்கக் கவரைக் கழற்றி, தனிக் கருவிகள் போட்டு ஷாஃப்ட்டுகளைப் பூட்டிச் செய்ய வேண்டிய பெரிய வேலை. எனக்குப் பின்னால் தெரிந்த அந்த பில்லின் மொத்தத் தொகை, ஆயிலும் சேர்த்து, 5,140 ரூபாய்.

ஆகஸ்டில் ஒரு நாள் மதுரையிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, துவரங்குறிச்சி அருகே டீக்கடையில் நிறுத்த வேகத்தைக் குறைத்தேன். டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் விளக்கு, ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவது, ஒரு நொடி மின்னி அணைந்தது. மறுநாள் காலையே வீட்டுப் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய இடம். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்கள், ஆயில் அளவு சரியாக இருந்தது. "சென்சார் கம்ப்ளைன்ட் சார். இந்த மாடல்ல வழக்கமா வர்றதுதான்" என்று ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றி 1,850 ரூபாய் வாங்கினார்கள். அதோடு ஆயிலும் மாற்றிவிடலாம் என்று சொல்லி மாற்றினார்கள். ஃபோர்டு இதற்குச் சொல்வது 5டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில், 948-பி தரம். அவர்கள் ஊற்றியது 15டபிள்யூ-40. நான் கேட்டதற்கு, "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது" என்று பதில் வந்தது. கெட்டி ஆயில் ஊற்றியதும் விளக்கு வருவது நின்றுவிட்டது. நானும் நிம்மதியாகிவிட்டேன். பழுது அப்படியேதான் இருந்தது, விளக்கு மட்டும்தான் அடங்கியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் மறுபடி வந்தது. மறுபடி அதே இடம், மறுபடி சென்சார். இந்த முறை "போன தடவை போட்டது டூப்ளிகேட் ஐட்டம் போல" என்றார்கள். பிரஷர் கேஜ் வைத்து ஆயில் அழுத்தத்தை அளந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "அதெல்லாம் தேவையில்ல சார், நாங்க எத்தனை வண்டி பாக்குறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். சுவிட்சைக் கழற்றிய அதே துளையில் கேஜை மாட்டினால் பத்து நிமிட வேலை.

அக்டோபரில் சென்னையிலிருந்து வரும்போது பெரம்பலூர், பாடாலூர் தாண்டியதும் விசில் போல ஒரு சத்தம். அப்புறம் இழுவை இல்லை. விளக்கு இந்த முறை அணையவே இல்லை. ஓரங்கட்டுவதற்குள் கீழேயிருந்து டக் டக் என்று அடிக்க ஆரம்பித்து நின்றுவிட்டது. பின் சீட்டில் மனைவியும் ஐந்து வயது மகளும். லாரிகள் உரசிக்கொண்டு போகும் அந்த ரோட்டோரத்தில் ரெக்கவரி வண்டி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

இந்த முறை வேறொரு மெக்கானிக். முன்பு ஃபோர்டு சர்வீஸில் வேலை பார்த்தவர். என்னைப் பக்கத்தில் நிற்கவைத்தே ஆயில் சேம்பரை இறக்கினார். சல்லடை முழுக்கக் கறுப்பாக ரப்பர் துணுக்குகள், ஊறிய டீத்தூள் மாதிரி அப்பிக் கிடந்தன. டர்போ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டினால் ஆடியது. கிராங்க் பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. முன்பக்கக் கவரைக் கழற்றும் முன் அதன் ஓரத்தைக் காட்டி, "பாருங்க சார், கம்பெனியில போட்ட சிலிகான் அப்படியே இருக்கு. இந்தக் கவரை இதுவரைக்கும் யாருமே தொறக்கல" என்றார். 10 வருடம் பழைய பெல்ட். பல இடங்களில் பற்களின் ஓரம் கரைந்திருந்தது.

பில்லில் இருந்த நம்பரை வைத்து, அதைக் கொடுத்த கடையையே தேடிப் போனேன். அவர்கள் பாவம், நேர்மையாகவே புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். மாற்றியது ஃபேன் பெல்ட். ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட். வியாபாரியிடம் போய் நின்றபோது அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "பெல்ட் மாத்துனதுன்னுதானே சொன்னேன். எந்த பெல்ட்டுன்னு நீங்க கேக்கலையே."

இன்ஜின் வேலை, டர்போ, பெல்ட் எல்லாம் சேர்த்து 1,72,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மனைவியின் நகையை வைத்துத்தான் செய்தேன்.

இது ஏதோ என் ஒரு வண்டிக்கு வந்த சோதனை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 இறுதியில் அமெரிக்காவில் இதே 1.0 இன்ஜின் போட்ட எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களில் ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அங்கே குறை ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரிலும். அந்த எக்கோஸ்போர்ட்டுகளும் சென்னையிலிருந்து கப்பலில் போனவைதான்.

அதனால் வாங்கப் போகிறவர்கள் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லை முழுசாகக் கேளுங்கள், தொகையோடும் பாகத்தின் எண்ணோடும். பில் கொடுத்த கடைக்கு நீங்களே போன் போடுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் சம்மதித்தால் ஆயில் சேம்பரை இறக்கிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நொடி வந்தாலும் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். கேஜ் வைத்து அழுத்தம் அளக்காமல் சென்சார் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வியாபாரி மேலும் ஒர்க்‌ஷாப் மேலும் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கேட்டால் வழி சொல்கிறார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. சேம்பரை இறக்கியபோது எடுத்த வீடியோவும், அந்த வாட்ஸ்அப் படமும், அசல் பில்லின் நகலும் மனுவோடு இருக்கின்றன. பழைய பெல்ட்டையும் சல்லடையையும் துடைக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். திருச்சிப் பக்கம் இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு செய்தி அனுப்புங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன்.