ஏசி நின்றுபோனால் உடனே மெக்கானிக்கா, ஆண்டு ஒப்பந்தமா?

ஒரே கோடையில் மூன்று முறை ஏசியில் குளிரூட்டும் கேஸ் நிரப்பக் காசு கொடுத்த பிறகுதான் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மாறினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

பழுதானால் ஆளைக் கூப்பிடும் முறையில், பழுது வராத வருடம் செலவும் கிடையாது. சின்னக் கோளாறுக்கு அது போதும். வெளி யூனிட் உறுமுகிறது, ஆனால் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் பல நேரம் அதைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் என்ற சின்ன மின்பாகம்தான் போயிருக்கும். பாகம் மலிவு, மாற்றுவதும் சீக்கிரம். நள்ளிரவில் கூப்பிட்டால் பாகத்தைவிட வந்துபோகும் கூலிதான் அதிகமாகும். காலை வரை பொறுத்தால் அதுவும் மிச்சம்.

கேஸ் விஷயம் அப்படியல்ல. பெட்ரோல் போல அது தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவித் தேடி, ஓட்டையைச் சரிசெய்து, வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் எடுத்து, அப்புறம்தான் யூனிட்டில் குறித்திருக்கும் எடைக்கு நிரப்ப வேண்டும். சில மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் மேலுக்கு நிரப்பினால் சில வாரத்தில் மறுபடி அதே கதை. கம்ப்ரசரைக் குளிர்விப்பதே அதற்குத் திரும்பி வரும் கேஸ்தான். அது குறைவாக ஓட ஓடக் கம்ப்ரசர் சூடேறி, ஏசியிலேயே விலை கூடிய பாகம் போய்விடும்.

அவசரத்தில் வருபவரைக் குறை சொல்ல மாட்டேன். வியர்த்துக்கொண்டு நிற்கும்போது "இப்போதைக்குக் குளிர்ந்தால் போதும்" என்று நாமேதான் சொல்கிறோம். மூன்று முறையும் நான் அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அவருக்கு வருமானம். பாகங்களும் அடங்கிய முழு ஒப்பந்தத்தில் கேஸும் கம்ப்ரசரும் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் செலவு; கசிவைக் கண்டுபிடித்தால் அவர்களுக்கே லாபம். என் வீட்டில் இரண்டாம் வருகையிலேயே உள் யூனிட்டைக் கழற்றி, காயிலில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில், இருந்த ஊசித்துளையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கேஸைத் தொடவே இல்லை.

ஆனால் கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தமும் இருக்கிறது. கேஸ், பிசிபி (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை), கம்ப்ரசர் எல்லாம் அதில் நம் தலையில்தான். கசிவுக்கு அது உதவாது. முழு ஒப்பந்தத்திலும் மின்னழுத்த ஏற்றத்தால் போன பிசிபியை ஏற்பார்களா என்று எழுத்தில் பாருங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள் என்றும் கேளுங்கள். உச்சக் கோடையில் ஒருமுறை நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.

என் அனுபவம் இரண்டு வருடம்தான், அதுவும் ஏசியில் மட்டும். ஏசியைப் போலவே இயங்கி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பிலும் இதே மூடிய சுற்று என்பதால் கசிவுக் கணக்கு பொருந்தும். எரிவாயுவில் எரியும் ஹீட்டர் வேறு. அதிலிருந்து வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அதற்கான அலாரம் அடித்தால் கூலியை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்தே அவசர உதவியை அழையுங்கள்.