குணநலன்களைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: நீண்ட காலப் பயிற்சி தந்த அனுபவம்

மனிதர்களின் குணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தேவையான சொற்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயின்று வருகிறேன். உடன் பணிபுரிபவரைப் பற்றி மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுவது, ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவது, நேர்காணலில் தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆகிய எல்லா இடங்களிலும் இந்தச் சொற்களே கைகொடுக்க வேண்டியிருக்கிறது. தலைப்புவாரிச் சொற்பட்டியல்கள், ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலி, கற்போருக்கான ஆங்கில அகராதி, தெரிந்த மனிதர்களைப் பற்றி நானே எழுதும் சிறு பத்தி ஆகிய நான்கையும் இந்தக் காலத்தில் பயன்படுத்தினேன். இவற்றுள் மிகக் குறைவான பலனைத் தந்தது பட்டியல். மிகுதியான பலனைத் தந்தது பத்தி.

பட்டியல்களுக்கு முடிவே கிடையாது. 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்னும் இரு உளவியலாளர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திக் காட்டும் சொற்களைத் தொகுத்தபோது ஏறத்தாழ 18,000 சொற்கள் கிடைத்தன. அவற்றுள் நிலையான குணத்தைக் குறிப்பவையாக அவர்கள் பிரித்தெடுத்தவையே சுமார் 4,500. இத்தனையும் யாருக்கும் வேண்டாம். அன்றாடப் பேச்சுக்கும் அலுவல் எழுத்துக்கும் சில நூறு சொற்கள் போதும் என்பது என் கணிப்பு. அவற்றை அகர வரிசையில் படிப்பதைவிட, உளவியலில் பிற்காலத்தில் நிலைபெற்ற ஐந்து பெரும் பகுப்புகளின் கீழ் அடுக்கிக்கொள்வது எனக்கு மிகவும் உதவியது. புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், மனக்கலக்கம் ஆகியவையே அந்த ஐந்து. ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அது எந்தப் பகுப்பில் சேரும் என்று யோசிப்பதே அதன் பொருளைப் பாதி உறுதிப்படுத்திவிடுகிறது.

இந்தத் துறையில் உண்மையான கடினம் பொருளில் இல்லை, சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரே நடத்தையைப் பாராட்டாகவும் சொல்லலாம், பழியாகவும் சொல்லலாம். அந்தத் தேர்வு முழுவதும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிக்கனத்தைப் புகழ்ந்து சொல்ல 'திரிஃப்டி' உண்டு, கஞ்சத்தனம் என்று குறைகூற 'ஸ்டிஞ்சி' உண்டு. எடுத்த காரியத்தை விடாதவரை 'டிடர்மின்ட்' என்றால் அவர் மகிழ்வார். 'ஸ்டபர்ன்' என்றால் முகம் சுளிப்பார். அறிந்துகொள்ளும் ஆர்வம் 'கியூரியஸ்', அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது 'நோஸி'. தன் கருத்தைத் தயங்காமல், பிறரை மதித்துச் சொல்பவர் 'அசர்ட்டிவ்'. அந்த மதிப்பு போய்விட்டால் அவரே 'அக்ரெஸிவ்' ஆகிவிடுகிறார். கற்போருக்கான அகராதிகள் இத்தகைய சொற்கள் பலவற்றின் அருகே பாராட்டு, இகழ்ச்சி என்று குறிப்பிட்டுக் காட்டுகின்றன. பலர் கவனிக்காமல் கடந்துவிடும் அந்தச் சிறு குறிப்பை நான் பொருளுக்கு முன்பாகவே படிக்கிறேன். இருமொழி அகராதி ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும்போது இந்தச் சாய்வு தெரியாமலே போய்விடுகிறது. 1968இல் நார்மன் ஆண்டர்சன் என்னும் உளவியலாளர் 555 குணச்சொற்களை விரும்பத்தக்க அளவின்படி மதிப்பிடச் செய்து வரிசைப்படுத்தியதில் உண்மையான நெஞ்சுடையவர் என்பதைக் குறிக்கும் 'சின்சியர்' முதலிடத்திலும், பொய்யர் என்பதைக் குறிக்கும் 'லையர்' கடைசியிலும் வந்தன. அப்படி ஓர் ஏணி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சொற்களைப் படிப்பது நல்லது.

தமிழ்ப் பேச்சில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களிடம் தனிக் கவனம் வேண்டும். ஆடம்பரம் இல்லாத பெரியவரை நாம் 'ரொம்ப சிம்பிள்' என்று மரியாதையோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு மனிதரை வெறுமனே 'சிம்பிள்' என்றால், அறிவுக்கூர்மை குறைந்தவர் என்ற பொருள் எளிதில் வந்துவிடும்; அந்த இடத்தில் 'அன்அஸ்யூமிங்', 'டவுன் டு எர்த்' ஆகியவையே பொருந்தும். 'சென்சிபிள்' என்பது விவேகமுள்ளவரைக் குறிக்கிறது, 'சென்சிட்டிவ்' என்பது எளிதில் மனம் புண்படுபவரையோ பிறர் உணர்வை நுட்பமாக அறிபவரையோ குறிக்கிறது.

நினைவட்டைகளைப் பொறுத்தவரை, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் முறை வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மறதி எப்படி நிகழ்கிறது என்பதை எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1885லேயே ஆராய்ந்து வெளியிட்டார். ஆனால் அட்டையின் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. சொல்லுக்கு எதிரே பொருள் என்று அமைத்த அட்டைகள் செயலியில் மட்டும் விடை தந்தன, பேசும்போது வரவில்லை. பிறகு முன்பக்கத்தில் நடத்தையை எழுதினேன்: 'கூட்டத்தில் எல்லோரும் பதறியபோது இவர் மட்டும் நிதானமாக, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டார்.' பின்பக்கத்தில் 'லெவல் ஹெடட்'. பேச்சிலும் முதலில் நம் முன் நிற்பது ஒருவரது நடத்தைதான் என்பதால், இந்த அட்டைகள் தந்த சொற்கள் தேவையான நேரத்தில் நாவுக்கு வந்தன. படங்களோடு சொல் கற்பிக்கும் ஒரு கட்டணச் செயலியையும் சில மாதங்கள் வைத்திருந்தேன். சிரித்த முகத்தைக் காட்டிக் குணத்தைக் கற்பிக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

பத்தி எழுதுவதன் பயன் இலக்கணத்திலும் தெரிந்தது. 'வாட் இஸ் ஷி லைக்?' என்ற கேள்வி குணத்தைக் கேட்கிறது, 'வாட் டஸ் ஷி லைக்?' விருப்பத்தைக் கேட்கிறது. இரண்டுக்கும் விடை எழுதிப் பார்த்தவருக்கு இது மறக்காது. 'ஹி இஸ் ரூட்' என்பது ஒருவரது இயல்பைப் பற்றிய தீர்ப்பு, 'ஹி இஸ் பீயிங் ரூட்' என்பது அந்த நேரத்து நடத்தையைப் பற்றிய கூற்று. ஒருவரைக் குறைசொல்ல நேரும்போது 'டெண்ட்ஸ் டு பி', 'அ பிட்' போன்ற, கடுமையைத் தணிக்கும் தொடர்களைச் சேர்ப்பதும், 'லேஸி' என்பதற்குப் பதிலாக 'நாட் வெரி ஹார்ட்வொர்க்கிங்' என்று சுற்றிச் சொல்வதும் அலுவல் எழுத்தில் இன்றியமையாதவை. இவை எந்தச் சொற்பட்டியலிலும் இருப்பதில்லை.

உச்சரிப்பை ஒலிப்பதிவு கேட்டே பழக வேண்டும். 'டிடர்மின்ட்' என்பதைப் பலர் 'மைண்ட்' என்று முடிக்கிறார்கள், 'ஜென்யுயின்' என்பதை 'வைன்' என்று முடிக்கிறார்கள். கடமையுணர்வு மிக்கவரைக் குறிக்கும் 'கான்ஷியென்ஷஸ்' என்ற சொல்லில் அழுத்தம் 'என்' என்ற அசையில் விழுகிறது. பரிந்துரைக் கடிதங்களில் அடிக்கடி வரும் இந்தச் சொல்லை எழுதத் தெரிந்தவர்களும் பேச்சில் தவிர்ப்பதைப் பார்க்கிறேன். இணைய அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி, கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அந்தத் தயக்கம் சில நாட்களில் போய்விடும்.