இரட்டை ஃபிளாப்பா, ஃபிஃபோவா? இரண்டு கிளாக்குக்கு நடுவே டேட்டா கடத்த எது மேல்

முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளில் கியர்பாக்ஸ் பேரிங் எழுப்பும் நுண்ணொலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்றுக்கு, எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதிக்கொள்ளும் சிப்) பகுதியை நாகர்கோவிலில் உட்கார்ந்து எழுதினோம். சிக்னலை அளந்து எண்ணாக மாற்றும் ஏடிசி தன் சொந்தக் கிரிஸ்டலில் ஓடி 10 மெகாஹெர்ட்ஸில் சாம்பிள் தருகிறது. போர்டு ஆர்ட்டி ஏ7. அதில் டிடிஆர்3 மெமரி கன்ட்ரோலர் நமக்குத் தரும் கிளாக், அதாவது சுற்றை நடத்தும் துடிப்பு, 83.33 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டு கிளாக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவே டேட்டாவைக் கடத்த மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு அசிங்க்ரனஸ் ஃபிஃபோவை (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை; எழுதுவது ஒரு கிளாக்கில், படிப்பது இன்னொன்றில்) எடுத்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் ஃபிளிப்ஃபிளாப்பின் (சுருக்கமாக ஃபிளாப்) செட்டப், ஹோல்டு நேரத்துக்குள், அதாவது கிளாக் துடிக்கும் கணத்துக்குச் சற்று முன்னும் பின்னும், உள்ளீடு மாறினால், வெளியீடு 0, 1 இரண்டிலும் சேராமல் சற்று நேரம் இடையில் நிற்கும். இதுதான் மெட்டாஸ்டபிலிட்டி. ஆய்வாளர்கள் சேனியும் மோல்னாரும் 1973-லேயே அலைக்காட்டிப் படத்தோடு இதைக் காட்டிவிட்டார்கள். இரண்டு தனித்தனிக் கிளாக் இருக்கும்வரை இதை ஒழிக்க வழியில்லை. அது தெளிய நேரம் கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்த நேரத்தின் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஃபிளாப்பின் தெளிவு மாறிலி டௌ 50 பிகோநொடி, ஆபத்துச் சாளரம் 100 பிகோநொடி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன இரண்டு வேகங்களில், தெளிய 1 நானோநொடி கொடுத்தால் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பிழை வரும். 2 நானோநொடி கொடுத்தால் கிட்டத்தட்ட 90,000 ஆண்டுக்கு ஒன்று. காலம் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. காற்றாலை உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் சூடு ஏறி இறங்கும்போது டௌ எவ்வளவு நகரும் என்பதை நாங்கள் அளந்ததில்லை. அதனால் கணக்கில் தாராளமாகவே இடம் விட்டோம்.

முதல் வழி, இரட்டை ஃபிளாப்போடு ஒரு டாகிள் பிட். ஏடிசி பக்கம் சாம்பிளை ரெஜிஸ்டரில் பிடித்து வைத்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு பிட்டைப் புரட்ட வேண்டும். அந்த ஒரு பிட் மட்டும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஃபிளாப் வழியாக மெமரி பக்கம் போகும்; முதலாவது தடுமாறினாலும் இரண்டாவது பிடிப்பதற்குள் தெளிய நேரம் கிடைக்கும். அது மாறியதைக் கண்டதும் அங்கே டேட்டாவைப் படித்துக்கொள்ளலாம். சாம்பிள் 100 நானோநொடி அசையாமல் நிற்கிறது. மெமரி பக்கத்துத் துடிப்பு 12 நானோநொடி. எட்டுத் துடிப்புக்கு இடம் இருக்கிறது, நான்கே போதும். முப்பது வரியில் எழுதிவிடலாம், சிப்புக்குள் இருக்கும் மெமரியான பிளாக் ரேம் வேண்டாம், இன்றைய வேகத்தில் சரியாகவே ஓடும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஹேண்ட்ஷேக். கேட்பதும் கிடைத்தது என்று சொல்வதும் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் பயணத்துக்கே ஏடிசி பக்கம் இரண்டு துடிப்பு, அதாவது 200 நானோநொடி ஆகும். அதற்குள் அடுத்த சாம்பிள்கள் வந்துவிடும். எப்போதாவது மாறும் செட்டிங் ரெஜிஸ்டர்களுக்கு இது நல்ல வழி. எங்கள் கருவியிலும் அங்கே மட்டும் வைத்திருக்கிறோம்.

எங்களோடு வேலை செய்யும் தக்கலைத் தம்பி டாகிள் வழிக்குத்தான் நின்றான். "அண்ணே, சிமுலேஷன்ல ஒரு பிழையும் வரல்லியே, பின்ன எதுக்கு ஃபிஃபோ?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் சாதாரண சிமுலேஷனில் மெட்டாஸ்டபிலிட்டி வராது; அங்கே ஃபிளாப் எப்போதும் 0 அல்லது 1 என்று உடனே முடிவெடுத்துவிடும். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு, என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்: பராமரிப்பு.

டாகிள் வழி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. மெமரி பக்கம் ஏடிசியைவிடப் பல மடங்கு வேகமாக இருக்க வேண்டும். இந்த அனுமானம் கோடில் எங்கேயும் எழுதப்படுவதில்லை. இரண்டு வருடம் கழித்து யாரோ 40 மெகாஹெர்ட்ஸ் ஏடிசியை மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். சாம்பிள் நிற்பது இப்போது 25 நானோநொடி, இரண்டே துடிப்பு. கம்பைல் ஆகும், டைமிங் அறிக்கை பச்சையாக வரும். ஆனால் டேட்டா மாறிக்கொண்டிருக்கும்போதே படிக்க நேரும். சாம்பிள் 0-இலிருந்து -1-க்குப் போகும்போது 16 பிட்டும் ஒன்றாகப் புரளும். பாதி பழையது, பாதி புதியது என்று பிடித்தால் 32,767 கூட வரலாம். வரைபடத்தில் அது ஒற்றை ஊசி மாதிரி நிற்கும். பேரிங்கில் விரிசல் விழுந்தால் வரும் வெடிப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். அதை நம்பி ஆளை மேலே ஏற்றுவார்கள். அதுவும் ஆனி, ஆடிக் காற்றில் கோபுரத்தில் ஆளை ஏற்றுவது எளிதல்ல. கீழே மேசையில் இருக்கும் கருவியாக இருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன்.

ஃபிஃபோவில் இந்த அனுமானம் கிடையாது. டேட்டா எல்லையில் ஓடுவதே இல்லை. இரண்டு வாசல் ரேமில் ஒரு பக்கம் எழுதுகிறோம், மறு பக்கம் படிக்கிறோம். எல்லையைத் தாண்டுவது எழுதும் இடம், படிக்கும் இடம் ஆகிய இரண்டு எண்கள்தான். அவை கிரே குறியீட்டில் போகும். பெல் லேபில் இருந்த ஃபிராங்க் கிரேக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்த அதே குறியீடு. சாதாரண பைனரியில் 7-இலிருந்து 8-க்குப் போக 0111 என்பது 1000 ஆகி நான்கு பிட்டும் மாறும். கிரேயில் 0100 என்பது 1100 ஆகிறது, மாறுவது ஒரே பிட். அந்தப் பிட் தடுமாறினாலும் தெளிந்த பிறகு பழைய எண்ணோ புதிய எண்ணோதான் கிடைக்கும், மூன்றாவது ஒன்று வராது. பழைய எண் கிடைத்தால் ஃபிஃபோ ஓரிரு துடிப்பு அதிகமாகத் தயங்கும். டேட்டா கெடாது. மெட்டாஸ்டபிலிட்டி நடந்தும் பிழை நடக்காமல் இருப்பது இங்கேதான்.

டிடிஆர்3-க்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. மெமரி 7.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்துகொள்ளும். 2 ஜிகாபிட் சிப்பில் அதற்கு 160 நானோநொடி போகும், அதுவரை எழுத முடியாது. அந்த இடைவெளியில் வந்து நிற்கும் சாம்பிளுக்கு எப்படியும் ஒரு தங்குமிடம் வேண்டும். நான்கு சேனல் சேர்ந்து 64 பிட், ஆழம் 512 என்றால் ஒரே ஒரு 36 கிலோபிட் பிளாக் ரேமில் அடங்கும். 51 மைக்ரோநொடி தாங்கும். ஏ7-35டி எஃப்பிஜிஏ-வில் அப்படி 50 இருக்கின்றன.

ஃபிஃபோவிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கிரே பிட்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு துடிப்புக்கு மேல் பிந்தி வந்தால் அதன் பலன் போய்விடும். அதற்காக, வந்து சேர அதிகபட்சம் இவ்வளவு நேரம்தான் என்று டூலுக்குச் சொல்லும் மேக்ஸ் டிலே கட்டுப்பாடு போடுகிறோம். டைமிங் எச்சரிக்கையை வாயடைக்க யாராவது இரண்டு கிளாக்கையும் மொத்தமாக 'அசிங்க்ரனஸ் குழு' என்று ஒரு வரியில் அறிவித்துவிட்டால், எஃப்பிஜிஏ வடிவமைக்கும் மென்பொருளான விவாடோவில் அந்த வரிதான் ஜெயிக்கும், மேக்ஸ் டிலே கவனிக்கப்படாது. கட்டுப்பாட்டுக் கோப்பில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். ஒத்திசைக்கும் ஃபிளாப்களுக்கு, அவற்றை நெருக்கமாக வைக்கச் சொல்லும் ஏசிங்க் ரெக் (ASYNC_REG) குறிப்பும் அவசியம். இல்லாவிட்டால் டூல் அவற்றைத் தூரத் தூர வைத்து, தெளிய வேண்டிய நேரத்தைக் கம்பியிலேயே தின்றுவிடலாம்.

நாங்கள் எடுத்தது நிறுவனம் தரும் ஆயத்த ஃபிஃபோ. சொந்தமாக எழுதுவதைவிட அதுவே மேல் என்பேன், இரண்டு கிளாக் பக்கத்தையும் ஒழுங்காக ரீசெட் செய்யும் சிக்கல் ஒன்றே அதற்குப் போதுமான காரணம். சிப் வடிவமைப்பில் நான் வேலை பார்த்ததில்லை, அங்கே தராசு வேறு பக்கம் சாயலாம். ஒற்றை பிட் என்றால் இன்றும் இரட்டை ஃபிளாப்பையே போடுவேன். துடிப்பு 400 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கம் போனால் மூன்றாவது ஃபிளாப்பையும் சேர்ப்பேன்.

ஃபிஃபோ நிறைந்தபோது எத்தனை சாம்பிள் தவறியது என்று எண்ணும் கவுன்டர் ஒன்றையும் வைத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பதிவுக் கோப்பின் தொடக்கத்திலும் எழுதச் செய்திருக்கிறோம்.